கதை தெரிந்தால் போதுமா?

கேள்வி: பள்ளித் தேர்வுக்காக ஷேக்ஸ்பியரின் ‘மேக்பெத்’ நாடகத்தைப் படிக்கிறேன். கதை முழுவதும் மனப்பாடம். ஆனாலும் மதிப்பெண் குறைகிறதே, ஏன்?

பதில்: கதையைத் திருப்பிச் சொல்வது விடையாகாது, அது எந்தச் சொற்களால் மேடையில் நிகழ்கிறது என்பதையே காட்ட வேண்டும். 2ஆம் அங்கத்தில், மன்னன் டங்கனின் கொலைக்குப் பின், சிறிது தண்ணீர் இச்செயலைக் கழுவிவிடும் என்று கணவனிடம் துணிந்து சொல்லும் மேக்பெத் சீமாட்டி, 5ஆம் அங்கத்தின் முதற்காட்சியில் உறக்கத்தில் நடந்தபடி, இல்லாத இரத்தக் கறையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறாள். அதுவரை பெரும்பாலும் செய்யுளில் பேசியவள் இங்கே உரைநடையில் சிதறிப் பேசுகிறாள். இவ்விரு காட்சிகளையும் அடுத்தடுத்து, வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். 1623இல் அச்சேறுவதற்கு முன்பே மேடையில் ஒலித்த நாடகம் இது. கண்ணால் மட்டும் படித்தால் அந்தக் குரலின் உடைவு பிடிபடாது என்றே நான் உறுதியாக நினைக்கிறேன்.