வேலை முடிந்து வந்து வைக்கும் இறால் குழம்பு: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

நாகப்பட்டினத்தில் தினமும் கடல் மீன் சமைக்கிற வீடு எங்களுடையது. அரை மணிக்குள் முடிகிற குழம்பு பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். இறாலையே எடுத்துக்கொள்கிறேன், அதுதான் சீக்கிரம் வேகும்.

மன்னார்குடியிலிருந்து ஒரு தம்பி: அக்கா, எப்போது வைத்தாலும் இறால் ரப்பர் மாதிரி ஆகிவிடுகிறது. ஏன்?

முதலிலேயே போட்டு மசாலாவோடு கொதிக்கவிடுகிறீர்கள், தம்பி. நேரம் எடுக்க வேண்டியது குழம்புதான், இறால் இல்லை. சட்டியில் நல்லெண்ணெய் ஊற்றி, கால் தேக்கரண்டி வெந்தயம், கறிவேப்பிலை தாளியுங்கள். பதினைந்து சின்ன வெங்காயம், இரண்டு தக்காளி குழைய வதங்கட்டும். அப்புறம் மூன்று தேக்கரண்டி குழம்புத்தூள், மஞ்சள், உப்பு. சின்ன எலுமிச்சை அளவு புளியைக் கரைத்து ஊற்றிப் பச்சை வாசனை போகும்வரை கொதிக்கவிடுங்கள். சட்டி ஓரத்தில் எண்ணெய் சிவப்பாகப் பிரிந்து நிற்கும். அந்த நேரத்தில்தான் இறாலைப் போட வேண்டும். கண்ணாடி மாதிரி சாம்பல் நிறத்தில் இருப்பது நான்கைந்து நிமிடத்தில் வெளுத்துச் சிவந்து பிறையாக வளையும். உடனே அடுப்பை அணைத்துவிடுங்கள். வட்டமாகச் சுருண்டுவிட்டால் வேக்காடு மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். மண்சட்டியில் வைத்தால் இன்னும் ஒரு நிமிடம் முன்னாலேயே அணையுங்கள், அந்தச் சூடே மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

கும்பகோணத்திலிருந்து ஓர் அம்மா: எங்களுக்குக் கடல் தூரம். நல்ல இறால் என்று எப்படிப் பார்ப்பது?

தலையைப் பாருங்கள் அம்மா. உடம்போடு ஒட்டி இறுக்கமாக இருக்க வேண்டும். தலை கறுத்துத் தொங்கினாலோ, மூக்கில் ஏறுகிற நெடி வந்தாலோ வாங்காதீர்கள். அரை கிலோ வாங்கி உரித்தால் கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே தேறும், அதற்குத் தகுந்த மாதிரி வாங்குங்கள். முதுகைக் கீறி அந்தக் கறுப்பு நரம்பை எடுத்துவிடுங்கள். தலையையும் ஓட்டையும் தூக்கிப் போட எனக்கு மனசே வராது. நன்றாகக் கழுவி, இரண்டு டம்ளர் தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்கவைத்து வடிகட்டி, அதில் புளியைக் கரையுங்கள். குழம்பின் மணமே வேறாக இருக்கும்.

திருவாரூரிலிருந்து ஒரு தங்கை: மாங்காய் போடலாமா அக்கா?

தாராளமாக. புளியைப் பாதியாகக் குறைத்துக்கொள். முருங்கைக்காய், கத்தரிக்காயும் சேரும், ஆனால் காய் முக்கால் வேக்காடு வந்த பிறகுதான் இறால்.

தஞ்சாவூரிலிருந்து ஓர் அண்ணன்: மீன்பிடித் தடைக்காலத்தில் என்ன செய்வது?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், நம் கரையில் விசைப்படகு போகாது. மீன் குஞ்சு பொரித்துப் பெருகுகிற காலம் அது, விட்டுவைக்கத்தான் வேண்டும், அண்ணே. நாட்டுப்படகில் வருவது கொஞ்சம் கிடைக்கும். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுப் பக்கம் நண்டும் இறாலும் உண்டு. ஒன்றும் கிடைக்காத நாளில் இதே குழம்பில் நெத்திலிக் கருவாட்டைப் போடுங்கள். வெந்நீரில் ஊறவைத்து மணல் போகக் கழுவி, உப்பைக் குறைத்துப் போட வேண்டும்.

மயிலாடுதுறையிலிருந்து ஒரு தம்பி: மறுநாளைக்கு வைக்கலாமா?

மீன் குழம்பு மறுநாள்தான் ருசி. இறால் அப்படி இல்லை, திரும்பக் கொதித்தால் இறுகிவிடும். இரவே இறாலைத் தனியாக எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள், குழம்பையும் ஆறியதும் அதிலேயே வையுங்கள். காலையில் குழம்பை மட்டும் நன்றாகக் கொதிக்கவிட்டு, இறக்குவதற்கு முன் இறாலைப் போட்டு உள்வரை சூடேறியதும் இறக்கிவிடுங்கள்.