சீபேப் கருவி: வாடகைக்கா, விலைக்கா?

நித்திரையில் மூச்சு அடைபடுகிறவர்களுக்கு முகமூடி வழியாக அழுத்தத்தோடு காற்றைத் தரும் சீபேப் (CPAP) கருவியை நியாய விலையில் எடுப்பது பற்றி மட்டக்களப்பு, அம்பாறை வாசகர்கள் கேட்டவை. பதில் தருபவர் வைத்தியக் கருவிகள் திருத்துகிறவர்.

கல்முனை: வாப்பா பலமாகக் குறட்டை விடுகிறார். ஒரு கருவி வாடகைக்கு எடுக்கலாமா?

குறட்டை விடுகிற எல்லோருக்கும் இந்த நோய் இல்லை. முதலில் நித்திரைப் பரிசோதனை செய்யுங்கள். மணிக்கு எத்தனை தடவை மூச்சு தடைப்படுகிறது என்று அறிக்கையில் வரும்: 5 முதல் 15 வரை இலேசு, 30ஐத் தாண்டினால் கடுமை. கருவியில் வைக்கவேண்டிய காற்றழுத்தத்தை வைத்தியர் எழுதித் தரவேண்டும். வைத்தியரின் துண்டைக் கேட்காமல் கருவியை நீட்டுகிற கடைக்குப் போகாதீர்கள்.

களுவாஞ்சிகுடி: ஐயா, எது இலாபம்?

முதல் மாதம் வாடகைக்கே எடுங்கள், தம்பி. முகமூடி ஒத்துவராமல் நடுச்சாமத்தில் கழற்றி எறிகிறவர்கள் நிறையப் பேர். பழகிவிட்டால், விலையை மாத வாடகையால் வகுத்துப் பாருங்கள். பத்து வந்தால், பத்து மாதத்தில் முழு விலையையும் கட்டிவிடுவீர்கள், கருவியோ கடைக்காரருடையது. கட்டிய வாடகையை விலையில் கழிப்பாரா என்று முதல் நாளே எழுத்தில் வாங்குங்கள். முகமூடி, குழாய், காற்றைச் சூடாக்கி ஈரமாக்கும் ஈரமூட்டி எல்லாம் சேர்ந்த விலையா என்றும் கேளுங்கள். மலிவு விலைகள் பெரும்பாலும் அங்கேதான் ஊதிப் பெருகும்.

காத்தான்குடி: வெளிநாட்டில் பாவித்த கருவி ஒன்று பாதி விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

கருவியைப் போட்டு, ஓடிய மணித்தியாலத்தைத் திரையில் பாருங்கள். இரவுக்கு ஏழு மணித்தியாலம் என்றால் வருடத்துக்கு ஏறத்தாழ 2,500. "கொஞ்சம்தான் பாவித்தது" என்கிறவரின் கருவியில் 12,000 நின்றால், அவர் சொன்ன மற்றக் கதைகளும் அப்படித்தான். பின்பக்க வடிகட்டியைக் கழற்றுங்கள். கறுத்துப் போயிருந்தால் உள்ளேயும் தூசுதான். பிலிப்ஸ் கருவியானால் தொடர் இலக்கத்தைக் கட்டாயம் சரிபாருங்கள். ஒலியைக் குறைக்க உள்ளே வைத்த நுரைப்பஞ்சு உதிர்ந்து மூச்சோடு போகலாம் என்பதால், முதல் தலைமுறை டிரீம்ஸ்டேஷன் உட்படப் பல கருவிகளை அந்த நிறுவனம் 2021 ஜூனில் திரும்பப் பெற்றது. அப்படிப்பட்டது இனாமாக வந்தாலும் வேண்டாம். முகமூடியும் குழாயும் புதிதாகவே வாங்குங்கள். கருவியில் பழைய ஆளுக்கு வைத்த அழுத்தத்தை மாற்றாமல் பாவிக்கவேண்டாம்.

அக்கரைப்பற்று: வீட்டில் ஒட்சிசன் இயந்திரம் இருக்கிறதே, போதாதா?

போதாது. சரிந்து மூடும் தொண்டையைத் திறந்து பிடிப்பது காற்றின் அழுத்தம், ஒட்சிசன் அல்ல.

வாழைச்சேனை: மின்சாரம் நின்றால்?

பற்றரி வைத்திருப்பவர்கள் ஈரமூட்டியின் சூட்டை நிறுத்துங்கள். மின்சாரத்தை அதிகம் தின்பது அதுதான். கடைக்காரர் ஒரு பற்றரியை உங்கள் தலையில் கட்டுவதற்கு முன், உங்கள் கருவிக்கு எத்தனை வோல்ட் வேண்டும் என்று அடியிலுள்ள தகட்டில் பாருங்கள். 12 வோல்ட்டிலும் உண்டு, 24 வோல்ட்டிலும் உண்டு.