எழுத்துப் பயிற்சி மையத்துக்குப் பணம் எங்கே கிடைக்கும்?

ராமநாதபுரம் கடலோரக் கல்லூரிகளில் எழுத்துப் பயிற்சி மையம், அதாவது மாணவர்கள் தங்கள் கட்டுரைகளைக் கொண்டுவந்து பயிற்றுநர் துணையோடு திருத்திக்கொள்ளும் இடம், தொடங்க நினைப்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. கல்லூரி நிதிக் கணக்கு பார்த்துப் பழகியவர் பதில் சொல்கிறார்.

சார், மையம் தொடங்க எவ்வளவு ஆகும்? முதல்வரிடம் ஒரு தொகை சொல்ல வேண்டும். (உதவிப் பேராசிரியர், ராமநாதபுரம்)

தொகைக்கு முன் மணிக்கணக்கைச் சொல்லுங்கள். பயிற்றுநர்களாக முதுகலை மாணவர்கள் ஆறு பேர், ஆளுக்கு வாரம் 5 மணி நேரம், ஒரு பருவத்துக்கு 15 வாரம் என்றால் 450 மணி நேரம். மணிக்கு 80 ரூபாய் வைத்தால் 36,000 ரூபாய். அரை மணிக்கு ஓர் அமர்வு என்றால் 900 அமர்வுகள். வராமல் போகிறவர்களையும் குறிப்பு எழுதும் நேரத்தையும் கழித்தால் 600 தேறும். ஆக, ஒரு மாணவர் ஒரு முறை வந்து உட்கார மையத்துக்கு ஆகும் செலவு 60 ரூபாய். இந்தக் கணக்குக்கு முதல்வர் தலையாட்டுவார்.

இடம், நூலகத்தில் ஒரு மூலை போதும். முதலிலேயே கணினிப் பட்டியலை நீட்டிவிடாதீர்கள். கணினி வந்துவிடும், சொல்லித்தர ஆள் இருக்காது. உப்புக்காற்றில் துருப்பிடித்துக் கிடக்கும். நேரத்தையும் பார்த்து வையுங்கள்: மாலை நான்குக்கு மேல் வைத்தால் பாம்பன், மண்டபம் பிள்ளைகள் பஸ்ஸுக்கு ஓடிவிடுவார்கள். மதிய இடைவேளைதான் சரி.

அண்ணே, துபாய், மலேசியாவில் இருக்கும் எங்கள் பழைய மாணவர்கள் பணம் தரத் தயார். நேரே சங்கக் கணக்கில் போடச் சொல்லலாமா? (பழைய மாணவர் சங்கம், கீழக்கரை)

அனுப்புகிறவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதைவிட, எந்த நாட்டுக் குடிமகன் என்பதைப் பாருங்கள். இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து முறையான வங்கி வழியாக அனுப்பினால், 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. மலேசியக் குடியுரிமை வாங்கியவர் அனுப்பினால் ஆகும். பிறந்தது கீழக்கரை என்றாலும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும் அதில் மாற்றமில்லை. அப்போது சங்கத்துக்கு அந்தச் சட்டத்தின் (எஃப்சிஆர்ஏ) கீழ் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு, அந்தப் பணம் முதலில் டெல்லி ஸ்டேட் பேங்க் முதன்மைக் கிளையில் உள்ள கணக்கில்தான் வந்து விழ வேண்டும்.

'பதிவு உள்ள வேறொரு டிரஸ்ட் வாங்கி நமக்குத் தரட்டுமே' என்று யாராவது யோசனை சொல்வார்கள். அந்த வாசலையும் அதே திருத்தம் அடைத்துவிட்டது.

ஆகவே நன்கொடைப் படிவத்தோடு பாஸ்போர்ட் நகலும் வாங்கி வையுங்கள். பத்துப் பேரிடம் வசூலித்து ஒருவர் பேரில் அனுப்பச் சொல்லாதீர்கள். 'சொந்தச் சேமிப்பு' என்பது அங்கேயே அடிபட்டுப் போகும். வங்கி வழி வராத உண்டியல் (ஹவாலா) பணம் பக்கமே போக வேண்டாம்.

எம்.பி. நிதியில் கேட்கலாமா? (திருவாடானை)

நிலைத்து நிற்கும் சொத்துக்குக் கேட்கலாம். சம்பளத்துக்கும் ஊக்கத்தொகைக்கும் அதில் இடமில்லை.

கம்பெனிகளின் சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்பு நிதி) பணம் வாங்க என்ன தயார் செய்ய வேண்டும்? (ராமேஸ்வரம்)

2013 கம்பெனிச் சட்டம் 135ஆம் பிரிவின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ வரவோ உள்ள கம்பெனிகள் மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவிட வேண்டும். கல்வி அந்தப் பட்டியலில் உண்டு. உங்கள் பழைய மாணவர் சங்கத்தின் வழியாக வாங்குவதானால் வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவுகள், மூன்றாண்டு செயல்பாடு, கம்பெனி விவகார அமைச்சகத்தின் சிஎஸ்ஆர்-1 பதிவு நான்கும் வேண்டும். ஒன்று குறைந்தாலும் கோப்பு நகராது. ராமநாதபுரம் 2018 முதல் நிதி ஆயோக்கின் முன்னேற விழையும் மாவட்டங்களில் ஒன்று. அதை முதல் பத்தியிலேயே எழுதுங்கள். கேட்க வேண்டிய காலம் ஏப்ரல் முதல் ஜூன் வரை. ஜனவரியில் போனால் மிச்சம் மீதிதான்.

கூடவே அமர்வுப் பதிவேட்டின் ஒரு பக்கத்தையும் இணையுங்கள். நல்ல பதிவு இப்படி இருக்கும்: 'விலங்கியல் மூன்றாம் ஆண்டு. மண்டபம் கடல்பாசி வளர்ப்பு பற்றிய திட்டக் கட்டுரை. எத்தனை நாள், எத்தனை மிதவையில் அளந்தார் என்பதே செய்முறைப் பகுதியில் இல்லை. வெள்ளிக்கிழமை திருத்திக் கொண்டுவருவார்.' மாணவர் பெயர் வேண்டாம். 'இலக்கணம் சொல்லித்தரப்பட்டது' என்று ஐம்பது வரி எழுதியிருந்தால் அதை யாரும் படிக்க மாட்டார்கள்.

ஆய்விதழ்களுக்குச் சந்தா கட்டக் காசு இல்லை சார். (ஆய்வு மாணவி, தொண்டி)

அரசுக் கல்லூரி, அரசுப் பல்கலைக்கழகம் என்றால் 2025 ஜனவரி முதல் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் சுமார் 13,000 இதழ்கள் கிடைக்கும்; நூலகரிடம் உள்நுழைவு கேளுங்கள். கடல் சார்ந்த தலைப்பு என்றால் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் இணைய ஆவணக் களஞ்சியத்தில் பழைய மண்டபம் ஆய்வுகள் வரை இலவசம். தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம்.

பயிற்றுநர்களுக்கு உரிய பணம் தணிக்கையில் நின்றுவிட்டது. ஏன்? (பரமக்குடி)

பெரும்பாலும் மூன்று காரணங்கள்தான். பருவம் முடிந்து மொத்தமாக ரொக்கம் கொடுத்திருப்பீர்கள். பணி ஆணையின் தேதி வேலை தொடங்கிய தேதிக்குப் பின்னால் இருக்கும். வங்கிக் கணக்கில் இனிஷியல் ஒரு மாதிரி, கல்லூரிப் பதிவில் வேறு மாதிரி இருக்கும். முதல் அமர்வுக்கு முன்பே ஆணை, மாதாமாதம் வருகைத்தாளில் துறைத்தலைவர் கையெழுத்து, ஐந்தாம் தேதிக்குள் வங்கிப் பரிமாற்றம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பணம் எதற்குச் செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழையும் மார்ச் கடைசி வாரத்துக்குத் தள்ளாமல், பிப்ரவரியிலேயே ஆடிட்டரிடம் வரைவைக் கொடுத்துவிடுங்கள்.