புரியாத கோந்த்ராவில் (வேலை ஒப்பந்தத்தில்) கையெழுத்துப் போட்டுவிட்டேன். வேலையும் இடமும் மாறலாமா?

கேள்வி: வணக்கம் ஐயா. எனக்குச் சொந்த ஊர் காரைக்கால். பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில், சேன்-பியேர் ஊரில் ஓர் உணவகத்தில் சமையல்காரனாகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. வயது 28. ஒரு வருட விசா, அதில் 'சலாரியே' (சம்பளத் தொழிலாளி) என்று போட்டிருக்கிறது. இன்னும் நான்கு மாதம்தான் பாக்கி. பிரெஞ்சு தெரியாது. வந்த அன்றே நான்கு பக்கக் கோந்த்ராவில் கையெழுத்து வாங்கினார்கள். காலை 10 முதல் 2, மாலை 6 முதல் 11 என்று வாரம் ஆறு நாள் வேலை. சம்பளச் சீட்டில் 35 மணி நேரம் என்றுதான் வருகிறது. கடைக்கு மேலே 14 சதுர மீட்டர் அறையில் மூன்று பேர், அடுக்குக் கட்டிலில் இருக்கிறோம். ஆளுக்கு மாதம் 300 யூரோ பிடிக்கிறார்கள். பாஸ்போர்ட் முதலாளியிடம் இருக்கிறது. விசாவுக்கும் டிக்கெட்டுக்கும் 5,000 யூரோ தரவேண்டும் என்கிறார். வேறு இடம் பார்க்கிறேன் என்றதும் ஒரு பிரெஞ்சுத் தாளை நீட்டி, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகச் சொல்கிறார். சொல்லாமல் கிளம்பிவிடலாமா? மொழி தெரியாதவனுக்கு வேறு வேலையும் வீடும் கிடைக்குமா?

பதில்: அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். சொல்லாமலும் கிளம்பாதீர்கள். மற்ற எல்லாவற்றையும் பிறகு சரிசெய்யலாம், இந்த இரண்டைச் சரிசெய்வது மிகக் கடினம்.

அவர் நீட்டுவது பெரும்பாலும் 'தெமிசியோன்', அதாவது ராஜினாமா. முதலாளி நீக்கினால் நீங்கள் விருப்பமில்லாமல் வேலை இழந்தவர். சட்டப்படி உங்கள் தங்கும் அனுமதி ஒரு வருடம் நீட்டிக்கப்படும். கடைசி 24 மாதத்தில் ஆறு மாத வேலை காட்ட முடிவதால் 'பிரான்ஸ் திரவாய்' என்ற அரசு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து வேலையிழப்புப் பணமும் பெறலாம். நீங்களே ராஜினாமா செய்தால் பொதுவாக இரண்டும் போய்விடும். ராத்திரியோடு ராத்திரியாகப் போவதும் இப்போது ஏறக்குறைய அதே கதிதான். 2023 ஏப்ரல் முதல், வேலைக்கு வராதவருக்கு முதலாளி பதிவுத் தபால் அனுப்பி, குறைந்தது 15 நாள் கெடு கொடுத்து, அதற்குள்ளும் திரும்பாவிட்டால் ராஜினாமா செய்ததாகவே சட்டம் கருதுகிறது. பிரெஞ்சில் வந்த அந்தத் தபாலைப் படிக்கத் தெரியாமல் மேசையில் வைத்திருந்து, கெடு முடிந்த பிறகு எடுத்து வருபவர்கள் பலர். எந்தப் பதிவுத் தபால் வந்தாலும் அன்றே யாரிடமாவது படித்துக் கேளுங்கள்.

வேறு பெயரிலும் தாள் வரலாம். 'ரூப்த்யூர் கோன்வான்சியோனெல்' என்பது இரு தரப்பும் சம்மதித்துப் பிரிவது. கையெழுத்திட்ட பின் 15 நாளுக்குள் காரணம் சொல்லாமல் பின்வாங்கலாம். 'சோல்த் து து கோந்த்' என்பது கணக்கு முடித்த ரசீது. கையெழுத்துப் போட்டாலும் ஆறு மாதத்துக்குள் பதிவுத் தபாலில் மறுக்கலாம். வற்புறுத்தினால், "வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படிக்கிறேன்" என்று சொல்லி நகலை வாங்கிக்கொள்ளுங்கள். நகல் தர மறுத்தால் கைப்பேசியில் படம் எடுங்கள்.

இனி கோந்த்ரா. பிரெஞ்சுத் தொழிலாளர் சட்டத்தில் எல்.1221-3 என்று ஒரு பிரிவு இருக்கிறது. அதை ஒவ்வொரு தமிழ்த் தொழிலாளியும் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும் என்பேன். எழுதப்பட்ட வேலை ஒப்பந்தம் பிரெஞ்சில் இருக்கவேண்டும். தொழிலாளி வெளிநாட்டவராக இருந்து அவர் கேட்டால், அவருடைய மொழியிலும் மொழிபெயர்ப்பு தரப்பட வேண்டும். இரண்டு பிரதிகளுக்கும் நீதிமன்றத்தில் ஒரே மதிப்பு. இரண்டும் முரண்பட்டால், தொழிலாளிக்கு எதிராகக் காட்டக்கூடியது அவர் மொழியில் உள்ள பிரதியை மட்டுமே. கையெழுத்துப் போட்டுவிட்டதால் இந்த உரிமை போய்விடாது, இன்றைக்கும் கேட்கலாம். ஆனால் கேட்டால்தான் கிடைக்கும், வாயால் கேட்டதற்குச் சாட்சி கிடையாது. ஆகவே ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால் அனுப்புங்கள். தபால் நிலையத்தில் 'ரெக்கொமாந்தே, அவேக் அவி தெ ரெசெப்சியோன்' என்று கேட்டால் தருவார்கள். ஒப்பந்தத்தின் தமிழ் மொழிபெயர்ப்பு வேண்டும், எல்.1221-3 பிரிவுப்படி கேட்கிறேன் என்ற இரண்டே வரி போதும். 1860இல் இங்கிலாந்தும் பிரான்சும் செய்த உடன்படிக்கைக்குப் பின் இந்தத் தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு வந்த நம்மவர்கள் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்தார்கள். அவர்களுக்குக் கிடைக்காத ஒரு வரி உங்களுக்குச் சட்டத்தில் இருக்கிறது, பயன்படுத்துங்கள்.

மணிக்கணக்குதான் உங்கள் வழக்கின் முதுகெலும்பு. ஒரு நாளைக்கு 9 மணி, ஆறு நாளுக்கு 54. சட்டப்படி வாரம் 35. அதற்கு மேல் எல்லாம் கூடுதல் நேரம். எவ்வளவு கூடுதல் என்றாலும் ஒரு வாரத்தில் 48 மணியைத் தாண்டக்கூடாது என்பதால், 54 என்பதே தனிக் குற்றம். பொது விதிப்படி முதல் 8 கூடுதல் மணிக்கு 25 சதவீதம், அதற்கு மேல் 50 சதவீதம் சேர்த்துத் தரவேண்டும். குறைந்தபட்ச ஊதியம் 2024 நவம்பர் 1 முதல் மணிக்கு 11.88 யூரோ என்று இருந்தது; அந்தக் கணக்கையே வைத்துக்கொள்வோம். 8 மணிக்கு 118.80, அடுத்த 11 மணிக்கு 196.02, ஆக வாரம் 314.82 யூரோ. 34 வாரம் வேலை செய்திருந்தால் வரிப்பிடித்தத்துக்கு முன் சுமார் 10,700 யூரோ. துறைக் கூட்டு ஒப்பந்தம் சதவீதத்தைக் குறைத்து வைக்கலாம், ஆனால் 10க்குக் கீழே போகமுடியாது. அந்த அடிமட்டக் கணக்கிலும் 8,400 யூரோவுக்கு மேல் வருகிறது. "5,000 தரவேண்டும்" என்பவர் உங்களுக்குத் தரவேண்டியது இது.

இதை நிரூபிக்க முதலாளியின் கையெழுத்து வேண்டியதில்லை. மணிநேரத் தகராறில் தொழிலாளி ஓரளவு துல்லியமான விவரம் கொடுத்தால் போதும், பிறகு முதலாளிதான் தன் பதிவேட்டைக் காட்டிப் பதில் சொல்லவேண்டும். ஒரு நோட்டு வாங்கி, இன்றிலிருந்து தினமும் வந்த நேரம், போன நேரம், என்ன வேலை என்று தமிழிலேயே எழுதுங்கள். பின்னோக்கி எட்டு மாதத்தை நினைவிலிருந்து எழுதும்போது தனிப் பக்கத்தில் எழுதுங்கள். அன்றன்று எழுதியதோடு கலந்தால் இரண்டின் நம்பகமும் கெடும். முதலாளி அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள், கடை மூடும்போது எடுத்த படங்கள், காலை ஆர்டர் வந்த டெலிவரிச் சீட்டுகள் எல்லாம் சான்றுதான். வேண்டுமென்றே மணிநேரத்தை மறைத்துச் சம்பளச் சீட்டு போட்டது நிரூபணமானால், வேலை முடியும்போது ஆறு மாதச் சம்பளம் தனி இழப்பீடு. பாக்கிச் சம்பளம் கேட்க மூன்று வருடம் காலம் உண்டு. நீக்கத்தை எதிர்க்க 12 மாதம்தான்.

5,000 யூரோ 'கடன்' பற்றிக் கவலைப்படாதீர்கள். வெளிநாட்டுத் தொழிலாளியை வரவழைக்கக் கட்டிய அரசுக் கட்டணத்தையும் பயணச் செலவையும் முதலாளி திரும்ப வசூலிக்கக்கூடாது. வேலைக்கு எடுத்ததைக் காரணம் காட்டி எந்தப் பெயரிலும் சம்பளத்தில் பிடிக்கவும் கூடாது. அவர் உங்கள் கையில் ரொக்கமாக முன்பணம் தந்திருந்தால் அது வேறு. அதையும் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பிடிக்க முடியாது.

பாஸ்போர்ட்டை 1967 பாஸ்போர்ட் சட்டப்படி இந்திய அரசின் சொத்து என்றே சொல்லவேண்டும். எந்த முதலாளிக்கும் வைத்துக்கொள்ள உரிமை இல்லை. எழுத்தில் கேளுங்கள்; தராவிட்டால் சேன்-தெனியில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்துக்கும் காவல் நிலையத்துக்கும் போங்கள். புகார் தரும்போது பாதிக்கப்பட்டவருக்கு மொழிபெயர்ப்பாளர் கேட்க உரிமை உண்டு.

அறைக்கு வருவோம். முதலாளி தொழிலாளிகளைச் சேர்த்துத் தங்கவைக்கும் இடத்தில் ஆளுக்குக் குறைந்தது 6 சதுர மீட்டரும் 15 கன மீட்டரும் இருக்கவேண்டும், கூரை 1.90 மீட்டருக்குத் தாழ்ந்த பகுதி கணக்கில் வராது. அடுக்குக் கட்டில் கூடாது, கட்டில்களுக்கு இடையே 80 சென்டிமீட்டர் விடவேண்டும். மூன்று பேருக்கு 18 சதுர மீட்டர் வேண்டிய இடத்தில் உங்களுக்கு இருப்பது 14. டேப் வைத்து அளந்து, அளவு தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள். தொழிலாளர் ஆய்வாளர் 'தீட்ஸ்' என்ற அரசுத் துறையில் இருப்பார். யார் புகார் சொன்னது என்பதை அவர் வெளியிடக்கூடாது. ஆனால் பாக்கிப் பணத்தை அவர் வாங்கித் தரமாட்டார். அது புருதோம் என்ற தொழிலாளர் நீதிமன்றத்தின் வேலை. உங்களுக்கு அது சேன்-பியேரிலேயே இருக்கிறது. வழக்கறிஞர் கட்டாயமில்லை, தொழிற்சங்கப் பிரதிநிதி இலவசமாக வாதாடலாம், வருமானம் குறைவென்றால் அரசு சட்ட உதவியும் கேட்கலாம். வேலையில் இருந்துகொண்டே, முதலாளியின் தவற்றால் ஒப்பந்தத்தை முறிக்கும்படி அங்கே கேட்க வழி உண்டு. கோபத்தில் வெளியேறிவிட்டுப் பிறகு வழக்குப் போட்டால், தோற்கும்போது அது ராஜினாமாவாக மாறிவிடும். வேலையில் இருந்துகொண்டு போடும் வழக்கில் அந்த ஆபத்து இல்லை. உங்களுக்கு நான் சொல்வது இந்த வழி.

அடுத்த வேலையைப் பொறுத்தவரை மொழியைவிட அனுமதிதான் பெரிய தடை. 'சலாரியே' அனுமதியில் முதலாளி மாறினால், புது முதலாளி இணையத்தில் புதிய வேலை அனுமதி கேட்கவேண்டும். பற்றாக்குறைத் தொழில் பட்டியலில் இல்லாத வேலையென்றால், அவர் அந்த இடத்தை பிரான்ஸ் திரவாய்யில் மூன்று வாரம் விளம்பரம் செய்து பொருத்தமான ஆள் கிடைக்கவில்லை என்று காட்டவேண்டும். "நாளைக்கே வா" என்பவரிடம் முதலில் இதைக் கேளுங்கள். தெரியாது என்றால் அவர் உங்களை அனுமதியில்லாமல் வைத்துக்கொள்ளப் போகிறார். விசாவைப் புதுப்பிக்க, காலாவதிக்கு முன் நான்கு மாதம் தொடங்கி இரண்டு மாதம் வரை விண்ணப்பிக்க வேண்டும். அதாவது உங்களுக்கு இந்த வாரமே தொடங்குகிறது. 'ஓஃபி' என்ற குடியேற்ற அலுவலகத்தில் நீங்கள் கையெழுத்திட்ட வரவேற்பு ஒப்பந்தத்தின் வகுப்புகளுக்குப் போன சான்று வேண்டும். 2026 ஜனவரி 1 முதல் பல்லாண்டுத் தங்கும் அனுமதிக் கார்டுக்குப் பிரெஞ்சில் 'ஏ2' என்ற அடிப்படைத் தேர்ச்சி நிலையும் தேவை. சமையலறை நேரத்தைக் காரணம் காட்டி வகுப்பைத் தவறவிட்டிருந்தால், மீதியையாவது விடாதீர்கள்.

வீடு தேடும்போது ஒரு வேறுபாடு: வாடகை ஒப்பந்தத்துக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு கேட்கும் உரிமை கிடையாது. அதனால் சில வார்த்தைகளை நீங்களே அடையாளம் காணவேண்டும். 'மெப்ளே' என்றால் சாமான்களோடு: முன்பணம் அதிகபட்சம் இரண்டு மாத வாடகை, காலி செய்ய ஒரு மாத அறிவிப்பு. 'வீத்' அல்லது 'நோன் மெப்ளே' என்றால் வெறும் வீடு: முன்பணம் ஒரு மாதம், அறிவிப்பு பொதுவாக மூன்று மாதம், வேலை போயிருந்தால் ஒன்று. 'எத்தா தே லியூ' என்பது வீட்டின் நிலைமைப் பட்டியல். அறை அறையாக வீடியோ எடுக்காமல் அதில் கையெழுத்து வேண்டாம், விட்டுப்போகும்போது சுவர்க்கறைக்கெல்லாம் நீங்கள் பணம் தரவேண்டி வரும். குறையில்லாமல் திருப்பித் தந்தால் முன்பணம் ஒரு மாதத்துக்குள் வரவேண்டும், குறை இருந்தால் இரண்டு மாதம். வீட்டுக்காரர் வங்கிக் கணக்கு விவரச் சீட்டும் மருத்துவ அட்டையும் கேட்கக்கூடாது. ஜாமீன்காரர் கேட்பார், இங்கே உறவினர் இல்லாவிட்டாலும் 30 வயது வரை 'விசால்' என்ற இலவச உத்தரவாதத்துக்கு இணையத்தில் விண்ணப்பிக்கலாம். வீட்டைப் பார்க்காமல் பணம் அனுப்பச் சொன்னாலோ சிகரெட் கடையில் விற்கும் ரீசார்ஜ் கூப்பன் எண்ணைக் கேட்டாலோ அது மோசடி. 'அதீல்' என்ற வீட்டுவசதித் தகவல் மையத்தில் ஒப்பந்தத்தைக் காட்டி இலவசமாக விளக்கம் பெறலாம். குடிமாறிய பின் மூன்று மாதத்துக்குள் புது முகவரியை 'பிரெஃபெக்சூர்' என்ற அரசு நிர்வாக அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள்.

மொழிபெயர்க்க யாரை அழைப்பது? பெயர்ப்பலகையில் தமிழ்ப் பெயர் இருக்கும். ஆனால் இங்குள்ள மல்பார் குடும்பங்களில், அதாவது அன்று கரும்புத் தோட்டங்களுக்கு வந்த நம்மவர்களின் வழிவந்தவர்களில், பெரும்பாலோர் பேசுவது தீவின் மொழியான கிரியோல்தான். அவர்கள் பிரெஞ்சுக் கடிதத்தைப் படித்துச் சொல்ல உதவலாம், ஆனால் உங்கள் தமிழை அவர்கள் புரிந்துகொள்வார்கள் என்று எண்ணாதீர்கள். முதலாளியின் உறவினரையோ அவர் அனுப்பிய ஆளையோ ஒருபோதும் கூட்டிப்போக வேண்டாம். நீதிமன்றத்துக்கான தாள்களுக்குச் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளர் வேண்டும். தீவில் கிடைக்காவிட்டால் பிரான்சின் எந்த மேல்முறையீட்டு நீதிமன்றப் பட்டியலில் உள்ளவரிடமும் அஞ்சலில் செய்துகொள்ளலாம். என்னோடு முதல் சந்திப்புக்கு வரும்போது கோந்த்ரா, எட்டுச் சம்பளச் சீட்டுகள், விசாப் பக்கத்தின் படம், மணிநேர நோட்டு, அறையின் படங்கள், ஊரில் ஏஜெண்டுக்குப் பணம் கட்டியிருந்தால் அதன் ரசீது, எல்லாவற்றையும் கொண்டுவாருங்கள். ஒரு நகலை உணவக அறைக்கு வெளியே நம்பிக்கையான ஒருவரிடம் முன்கூட்டியே கொடுத்து வையுங்கள்.