சங்கிலிக்காக அழுதால் விசுவாசம் குறைவா?

கேள்வி: நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்தில் சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்தவர்கள். ஆலயக் கோபுரம் கட்ட ஒரு லட்சம் தருகிறேன் என்று என் கணவர், சபையார் எல்லாரும் கூடிச் சாப்பிடும் அசனப் பண்டிகையன்று, மைக்கில் பொருத்தனை (நேர்த்தி) சொல்லிவிட்டார். அப்புறம் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், பீரோவில் இருந்த மூன்று பவுன் சங்கிலியை அடகு வைத்துக் கொடுத்தார். கல்யாணத்துக்கு என் அம்மா போட்ட சங்கிலி அது. மகனின் கல்லூரிக் கட்டணம் மார்ச்சில் கட்ட வேண்டும், அதற்கென்று வைத்திருந்தேன். அழுதால், "உனக்கு ஆண்டவரைவிடப் பொன்தான் பெரிது, அந்தப் பணக்கார வாலிபன் மாதிரி" என்கிறார். அடுத்த மாதம் நாத்தனார் மகள் கல்யாணம், வெறுங்கழுத்தோடு எப்படிப் போவேன்? நான் உலகத்தை நேசிக்கிறவளா?

பதில்: சகோதரி, உங்கள் வீட்டுக்காரர் எடுத்த வசனத்தையே நாமும் எடுப்போம். மத்தேயு 19-இல் அந்த வாலிபனிடம் இயேசு சொன்னது, "உனக்கு உண்டானவைகளை விற்று, தரித்திரருக்குக் கொடு" என்பது. உனக்கு உண்டானவை! பெண்சாதிக்கு உண்டானவை என்று எந்த மொழிபெயர்ப்பிலும் இல்லை. கொடுக்கச் சொன்னதும் தரித்திரருக்கு. கோபுரம் கட்டுவது தப்பென்று நான் சொல்லவில்லை. ஆனால் அதற்கு இந்த வசனத்தைத் துணைக்குக் கூப்பிட முடியாது.

தாவீது ராஜா பலிபீடம் கட்ட ஒரு போரடிக்கும் களம் தேடிப் போனது 2 சாமுவேல் கடைசி அதிகாரத்தில் இருக்கிறது. களத்துக்காரன் அர்வனா, மாடு, விறகு, களம் எல்லாவற்றையும் சும்மாவே எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறான். தாவீது சம்மதிக்கவில்லை. தனக்குச் செலவில்லாததை ஆண்டவருக்குப் பலியிட மாட்டேன் என்று ஐம்பது சேக்கல் வெள்ளியை எண்ணிக் கொடுத்துவிட்டுத்தான் வாங்குகிறான். உங்கள் வீட்டில் நடந்ததை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பொருத்தனை அவருடையது, செலவு உங்களுடையது. அவர் தன் பைக்கை விற்றுக் கொடுத்திருந்தால் இந்தக் கடிதமே எனக்கு வந்திருக்காது.

மைக் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. சிறுவயதில் எங்கள் ஆலயத்தின் மின்விசிறி இறக்கைகளில் எல்லாம் பெயிண்டில் 'அன்பளிப்பு' என்று எழுதி, கீழே ஒரு பெயர் இருக்கும். கரண்ட் போய் விசிறி நின்றால்தான் அதைப் படிக்க முடியும். பிரசங்கம் நீளும்போது நாங்கள் கரண்ட் போகாதா என்று காத்திருப்போம். இப்போது பளிங்குக் கல்லில் வெட்டுகிறார்கள், அது எப்போதும் தெரியும். கோபுரத்தடியில் ஒரு லட்சத்துக்கு நேரே யார் பெயர் வரப்போகிறது என்று கேட்டுப் பாருங்கள். வலது கை செய்வது இடது கைக்குத் தெரியக்கூடாது என்ற போதனையைப் படித்தவர்தானே அவரும்? உலகப்பொருள் பவுனாகத்தான் இருக்க வேண்டுமென்று இல்லை, கல்வெட்டில் ஏறும் பெயரும் அதில் சேர்த்திதான்.

கொடுத்தே பழகிய ஊர்தான் நம்முடையது. குளோரிந்தா என்ற விதவைப்பெண் முன்நின்று 1785-இல் பாளையங்கோட்டையில் எழுப்பிய ஆலயத்தை இன்னும் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றுதான் சொல்கிறோம். அந்தம்மாள் தானாக மனம்வைத்துச் செய்த காரியம் அது. என் அம்மா சோறு வடிக்கும் ஒவ்வொரு வேளையும் உலையில் போட எடுத்த அரிசியிலிருந்து ஒரு பிடியைப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுவிடுவார். ஞாயிற்றுக்கிழமை அது காணிக்கைக்குப் போகும். அரிசி தட்டுப்பாடான மாதங்களில் பிடி கொஞ்சம் சின்னதாகும், நிற்காது. அந்தக் கையை யாரும் பிடித்து அமுக்கியதில்லை. "விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல" என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியது இப்படிப்பட்ட கொடையைத்தான்.

சரி, உங்கள் பக்கத்துக்கும் வருகிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம். கடிதத்தில் இரண்டு கவலை இருக்கிறது. மகனின் கட்டணம் ஒன்று. அதில் நான் முழுக்க உங்களோடு. தாய்தகப்பனுக்கு உதவ வேண்டியதைக் 'கொர்பான்', அதாவது காணிக்கை, என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களை இயேசு கண்டித்தார். பிள்ளைக்கு வைத்ததற்கும் அந்த நியாயம் பொருந்தும் என்றே நினைக்கிறேன். இன்னொன்று, நாத்தனார் முன்னால் வெறுங்கழுத்து. அங்கேதான் நீங்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். அந்த ஒரு நாளுக்காகக் கவரிங் வாங்கவோ, அக்காவிடம் இரவல் கேட்கவோ கிளம்பாதீர்கள். தாலி மட்டும் போட்டுக்கொண்டு போய் முன்வரிசையில் உட்காருங்கள். யாராவது கேட்டால், அடகில் இருக்கிறது என்று சொல்லுங்கள். உங்கள் கணவருக்குக் கூச்சமாக இருந்தால் இருக்கட்டும்.

பணத்தை எப்படிச் சரிசெய்வது? கல்யாணத்துக்கு முன்பே, சாப்பாடு முடிந்து பிள்ளைகள் தூங்கிய பிறகு அவரிடம் பேசுங்கள். சண்டையாக வேண்டாம். "பொருத்தனை உங்களுடையது, நானும் சேர்ந்து ஜெபிக்கிறேன், ஆனால் மாதாமாதம் உங்கள் சம்பளத்திலிருந்து சங்கிலியை மீட்டுத் தாருங்கள்" என்று ஒரு தொகையைச் சொல்லிக் கேளுங்கள். அவர் மறுத்தால் இருவருமாகப் போய் சபைப் போதகரான ஐயரைப் பாருங்கள். மனைவி நகையை அவளுக்குத் தெரியாமல் அடகு வைத்துக் கொடுத்த பணம் என்று தெரிந்தால், அதைத் திருப்பிக் கொடுத்து, தவணையாகத் தாருங்கள் என்று அவரே சொல்லக்கூடும். போகிற போக்கில் ஒன்று: தாய்வீட்டு நகையை மனைவியிடமிருந்து பறிப்பதைப் பொருளாதார வன்முறையில் சேர்க்கிறது 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம், எந்த மதத்தவருக்கும். வழக்குப் போடச் சொல்லவில்லை. கேட்க உங்களுக்கு வாய் உண்டு என்பது தெரிந்திருக்கட்டும்.

இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்றுதான். அடகு ரசீது எங்கே என்று கேட்டு வாங்குங்கள். யார் பெயரில் இருக்கிறது, எந்தத் தேதியில் கெடு முடிகிறது என்று பாருங்கள். கெடு தாண்டினால் நோட்டீஸ் வரும், அப்புறம் ஏலம். அந்தத் தேதி மார்ச்சுக்கு முன்னால் இருந்தால், வட்டியையாவது கட்டிப் புதுப்பிக்கச் சொல்லுங்கள்.