கோடரியை நினைத்துப் பயப்படும் அம்மாவுக்கு

கேள்வி: நாங்கள் அமெரிக்காவில் ஜார்ஜியாவில் இருக்கிறோம். பத்தாவது படிக்கும் மகள், பள்ளியின் எஃப்எஃப்ஏ (விவசாயக் கல்வி மாணவர் அமைப்பு) அணியில் சேர்ந்து வனவியல் போட்டிக்குப் போகிறேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். கோடரி, ரம்பம் என்று யூடியூபில் பார்த்ததும் வயிறு கலங்கிவிட்டது. இதனால் படிப்புக்கு என்ன பிரயோஜனம்?

பதில்: அம்மா, நீங்கள் பார்த்தது அநேகமாகக் கல்லூரி மாணவர்களின் கான்கிளேவாக இருக்கும். தென் மாநில வனவியல் கல்லூரிகள் ஒன்றுகூடும் அந்தப் போட்டியில் கோடரி எறிவார்கள், ஆளுக்கொரு பக்கம் நின்று ரம்பம் இழுப்பார்கள், கம்பம் ஏறுவார்கள். மரங்களை அடையாளம் காண்பதும், தடியின், அதாவது அறுப்பதற்கான மரத்துண்டின் அளவை மதிப்பிடுவதும் அதிலேயே உண்டு. ஆனால் அதை யார் வீடியோ எடுத்துப் போடுகிறார்கள்? பள்ளிப் போட்டி வேறு. அங்கே உங்கள் மகள் மரத்தைச் சாய்க்கப் போவதில்லை, அளக்கப் போகிறாள்.

எப்படி அளப்பார்கள் என்று சொல்கிறேன். பில்ட்மோர் குச்சி என்று ஒரு மரக்குச்சி. தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில், கண்ணிலிருந்து 25 அங்குலம் தள்ளி, அதை மரத்தின்மேல் படுக்கையாக வைக்க வேண்டும். குச்சியின் இடது நுனி மரத்தின் இடது ஓரத்தோடு பொருந்த வேண்டும். பிறகு தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் வலது ஓரத்துக்குக் கொண்டுபோனால், அங்கே குச்சியில் குறித்திருக்கும் எண்ணில் விட்டம் தெரியும். தலை கொஞ்சம் திரும்பினாலும் கணக்கு தவறிவிடும். மரத்திலிருந்து 66 அடி தள்ளி நின்று, அதே குச்சியை நிமிர்த்திப் பிடித்தால், பதினாறு அடித் தடிகள் எத்தனை தேறும் என்று பார்க்கலாம். அந்த 66 அடி நம்மூர் சர்வேயர் இழுத்த சங்கிலியின் நீளமேதான். உங்கள் அப்பாவிடம் சொல்லிப் பாருங்கள், சென்ட் கணக்கில் இறங்கிவிடுவார். திசைகாட்டியைப் பிடித்துக்கொண்டு காலடியை எண்ணித் தூரம் சொல்வதும் ஒரு பிரிவு.

இலை விஷயத்தில்தான் பிள்ளைகள் தடுமாறுவார்கள். ஜார்ஜியா காடுகளில் பைன் மரம் அதிகம், தூரத்தில் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். லாப்லாலி பைனில் ஒரு கொத்துக்குப் பெரும்பாலும் மூன்று ஊசியிலை. லாங்லீஃபிலும் மூன்றுதான், ஆனால் ஒரு முழம்கூட நீளும். ஸ்லாஷில் இரண்டும் வரும், மூன்றும் வரும். ஷார்ட்லீஃபில் பெரும்பாலும் இரண்டு, குட்டையாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பூங்காவுக்குப் போனால் கீழே கிடக்கும் கொத்துகளைப் பொறுக்கி வரச் சொல்லுங்கள், காசு செலவில்லாத பயிற்சி.

பிரயோஜனம் என்ன என்று கேட்டீர்கள். கல்லூரி விண்ணப்பத்தில் ஒரு வரி கூடும், அவ்வளவுதான். அதற்காக மட்டும் என்றால் அனுப்பாதீர்கள், பிள்ளை அலுத்துப் போவாள். நான் இதைப் பார்க்கும் விதம் வேறு. வெயிலில், புதரில், சேற்றில் நின்று நிதானமாக அளக்கும் வேலை அவளுக்குப் பிடிக்கிறதா என்று கல்லூரிக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே தெரிந்துவிடும். கோப்பை வாங்கினாளா என்று பார்க்காதீர்கள். தோற்று வந்த மறுவாரமும் குச்சியை எடுக்கிறாளா என்று பாருங்கள்.

பிடித்துப்போனால் வழி இருக்கிறது. ஜார்ஜியா நிலத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு காடு, அதில் பெரும்பகுதி தனியாருடையது. ஆகவே வேலை என்றால் அரசு வேலை மட்டுமல்ல. மர ஆலைக்குத் தடி வாங்கித் தருபவர், நில உரிமையாளருக்கு ஆலோசகர், செயற்கைக்கோள் படத்தையும் டிரோன் படத்தையும் வைத்துக் காட்டைக் கணக்கெடுப்பவர் என்று பல வகை. ஏதென்ஸில் உள்ள ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் வார்னெல் வனவியல் பள்ளி 1906இல் தொடங்கியது. அந்த மாநிலத்தில் ஃபாரஸ்டராக (வனவியல் நிபுணராக) தொழில் செய்யப் பதிவு வேண்டும். சம்பளத்தில் மென்பொருள்காரர்களோடு ஒப்பிட்டால் ஏமாற்றம்தான், அதை இப்போதே மகளிடம் சொல்லிவிடுங்கள். பள்ளியில் உயிரியலோடு புள்ளியியலும் எடுக்கச் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்குக் கவலை: விசா. மகள் எச்-4இல், அதாவது பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த விசாவில் இருந்தால், மாநிலத்தின் ஹோப் உதவித்தொகை கிடைக்காது, அதற்குக் குடியுரிமையோ கிரீன் கார்டு போன்ற தகுதியோ வேண்டும். மத்திய அரசின் வனத்துறை வேலைக்குப் பொதுவாகக் குடியுரிமையே வேண்டும். 21 வயதில் எச்-4 முடிந்துவிடும் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். போட்டிக்கு இது தடையில்லை. ஆனால் எந்தக் கல்லூரி, என்ன செலவு என்று உட்கார்ந்து பேசும்போது இதை முதலில் மேசைமேல் வையுங்கள்.

எஃப்எஃப்ஏவில் இருக்கப் பொதுவாகப் பள்ளியில் விவசாயக் கல்வி வகுப்பு எடுக்க வேண்டியிருக்கும். அட்டவணையில் அதற்கு இடமில்லை என்றால் விடாதீர்கள், கவுண்டி எக்ஸ்டென்ஷன் (வேளாண் விரிவாக்க) அலுவலகத்தில் ஃபோர்-எச் என்ற இளைஞர் அமைப்பைப் பற்றிக் கேளுங்கள். அங்கும் வனவியல் போட்டி உண்டு.

கோடரியை நினைத்துப் பயந்தீர்களே, அதைவிட உண்ணியும், தொட்டால் அரிக்கும் பாய்சன் ஐவி கொடியும்தான் தொல்லை. நீளக் கால்சட்டை, காலுறைக்குள் செருகிய ஓரம், மூன்று மூன்று இலையாக வரும் கொடியைத் தொடாமல் இருப்பது, வீட்டுக்கு வந்ததும் முழங்காலின் பின்புறமும் தலைமுடியும் பார்ப்பது. பயிற்சி எந்தக் கிழமை என்று ஆசிரியரிடம் கேட்டு, முதல் தடவை நீங்களும் கூடப் போய் வாருங்கள்.