காலை வெயில் மட்டும் வரும் பால்கனியில் எந்த மருந்துச் செடி வைக்கலாம், எதற்கு எவ்வளவு கொடுக்கலாம்?

கோலாலம்பூர் செந்தூலில் ஒரு கொண்டோவின் (அடுக்குமாடி வீட்டின்) பத்தாவது மாடியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கணவன் மனைவி இருவருக்கும் வேலை. மகனுக்கு ஏழு வயது, மகளுக்குப் பத்து மாதம், கூடவே மாமியார், அவருக்கு இனிப்புநீர் (சர்க்கரை நோய்) உண்டு, மாத்திரை சாப்பிடுகிறார். சளி, இருமல், வயிற்று வலி என்று அடிக்கடி கிளினிக்குக்கு ஓட வேண்டியிருக்கிறது, வீட்டிலேயே நாலு செடி வைத்துக் கைவைத்தியம் பார்க்கலாமா, ஆனால் பராமரிக்க நேரமே இல்லையே என்கிறார். காய்ச்சல் வந்தால் நிலவேம்பு காய்ச்சிக் கொடுக்கிறேன் என்றும், பாப்பாவுக்கு வசம்பு உரைத்து ஊற்றலாம் என்றும் மாமியார் சொல்கிறாராம். அது சரியா என்பதும் கேள்வி.

செடியிலிருந்து ஆரம்பிக்கலாம். மூன்று தொட்டி போதும். ஆர்வத்தில் சுங்கை பூலோ நர்சரிப் பக்கம் போய் கார் பூட் நிறைய அள்ளிக்கொண்டு வந்தால் இரண்டு மாதத்தில் பாதி காய்ந்து கிடக்கும், மீதிக்கு மாவுப்பூச்சி வந்திருக்கும். உங்கள் பால்கனிக்குக் காலை வெயில் மட்டும்தான் என்பதால் கற்பூரவல்லி, புதினா, வல்லாரை இந்த மூன்றும் ஒத்துவரும். கறிவேப்பிலை எல்லோரும் ஆசைப்படுவது, ஆனால் அதற்கு நாள் முழுக்க வெயிலும் பெரிய தொட்டியும் வேண்டும், அரை நிழலில் வைத்தால் நாலு இலையோடு அப்படியே நிற்கும். இஞ்சியும் மஞ்சளும் மண்ணில் எட்டு, பத்து மாதம் இருந்தால்தான் கிழங்கு முற்றும். பசாரில் பெந்தோங் இஞ்சி நல்ல காரமாகவே கிடைக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள்.

கற்பூரவல்லியைக் காசு கொடுத்து வாங்காதீர்கள். கோயிலில், தாமானில் (குடியிருப்புப் பகுதியில்), யார் வீட்டு வாசலிலாவது கட்டாயம் இருக்கும், மலாய்க்காரர்கள் டாவுன் பாங்குன்-பாங்குன் என்பார்கள், ஒரு சாண் கிளை கேட்டால் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். கீழே உள்ள இரண்டு மூன்று ஜோடி இலைகளைக் கிள்ளிவிட்டு, கணு மண்ணுக்குள் போகிற மாதிரி நட்டு, முதல் ஒரு வாரம் நேர் வெயில் படாமல் வைத்தால் வேர் பிடித்துவிடும். அப்புறம் அதை மறந்துவிடுவதுதான் நல்லது. அந்தத் தடித்த இலையும் தண்டும் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும், தினமும் ஊற்றினால் தண்டு கறுத்து அடியோடு அழுகும். விரலை மண்ணில் ஒரு கணு அளவு விட்டுப் பாருங்கள், காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். இலைக்கும் இலைக்கும் நடுவில் தண்டு நீண்டு, செடி ஒரு பக்கமாகச் சாய்ந்தால் வெளிச்சம் போதவில்லை என்று அர்த்தம், கம்பி ஓரமாக நகர்த்திவிட்டு நுனியைக் கிள்ளுங்கள், பக்கக் கிளை வெடிக்கும். கிள்ளிய நுனியும் வீணாகாது, அதுதான் இருமலுக்கு.

புதினாவுக்குப் பசாரில் வாங்கும் கட்டிலிருந்தே தடித்த தண்டுகளாக நாலைந்து எடுத்துத் தண்ணீரில் போட்டால் ஒரு வாரம் பத்து நாளில் வேர் விடும். வல்லாரையும் அப்படித்தான், பெகாகா என்று வேரோடு கட்டாக விற்பார்கள், அகலமான தொட்டியில் பரப்பி நட்டு மண் காயாமல் பார்த்துக்கொண்டால் போதும். மண்ணுக்கு இங்கே எல்லோரும் சொல்லும் கணக்கு மேல்மண் மூன்று, மட்கிய உரம் இரண்டு, மணல் ஒன்று. வல்லாரையைக் கீரையாக, துவையலாகச் சாப்பிடுங்கள். மகன் பரீட்சையில் முதலாவதாக வருவான் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டுத் துவையலைப் பரிமாறுங்கள்.

இங்கே செடி வைக்கிறவர்கள் உரத்தை விட அதிகம் கவலைப்பட வேண்டிய விஷயம் தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டு. டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அந்தத் தட்டில் தேங்கும் ஒரு மடக்குத் தண்ணீர் போதும், முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள்தான். பத்தாவது மாடிக்குக் கொசு வராது என்ற நினைப்பே வேண்டாம், மேல் மாடி வீடுகளிலும் அது முட்டையிடுகிறது. தண்ணீரைக் கொட்டினால் மட்டும் வேலை முடியாது, முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்தே கிடந்து, அடுத்த மழையில் பொரிக்கும். அதனால் தட்டே வேண்டாம், வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் மணலை நிரப்பி வையுங்கள், வாரம் ஒரு முறை பிரஷ் போட்டுத் தேயுங்கள். புதினா வேர் விடும் கண்ணாடிக் குவளைக்கும் இதே விதிதான், இரண்டு நாளுக்கு ஒரு தடவை தண்ணீரை மாற்றுங்கள். நோய் பரப்பும் பூச்சிகளை அழிப்பதற்கான 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வீட்டுக்குள் கொசுப்புழு இருந்தாலும் அபராதம் உண்டு. இதைச் சொல்லும்போதே இன்னொன்று: தொட்டியைப் பால்கனிச் சுவர் மேல் வைக்கவே வைக்காதீர்கள். பத்தாவது மாடியிலிருந்து ஒரு சின்னத் தொட்டி விழுந்தாலும் கீழே போகிறவர் உயிர் போய்விடும்.

சரி, வைத்தியத்துக்கு வருவோம். மகனுக்கு இருமல் என்றால் மூன்று நாலு கற்பூரவல்லி இலையைக் கழுவி, சூடான தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் வாட்டுங்கள். இலை துவண்டு கரும்பச்சையாக மாறும்போது எடுத்துக் கசக்கிப் பிழிந்தால் ஒரு சின்னக் கரண்டி சாறு வரும். அதில் அரைக் கரண்டி தேன் கலந்து தூங்கப் போகும் முன் கொடுங்கள். கசக்கும்போது ஓம வாசனை தூக்கலாக வரும், ஓமத்தில் இருக்கும் தைமால், கார்வக்ரால் போன்ற எண்ணெய்ப் பொருள்கள் இதிலும் இருப்பதால்தான். உண்மையைச் சொன்னால் இராத்திரி இருமலை அடக்குவதில் பாதிக்கு மேல் வேலை பார்ப்பது தேன்தான், அதற்கு மருத்துவ ஆராய்ச்சியின் ஆதரவும் இருக்கிறது. ஆக, இலை பறிக்க நேரமில்லாத நாளில் தேன் மட்டும் கொடுத்தாலும் குறையில்லை. மூச்சு வாங்கினாலோ, நெஞ்சில் விசில் சத்தம் கேட்டாலோ, விலா எலும்பு உள்ளே இழுத்தாலோ அப்போதே கிளம்புங்கள்.

பாப்பா கதை முற்றிலும் வேறு. ஒரு வயது முடியும்வரை தேனை நாக்கில் தொட்டுக்கூட வைக்கக்கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து கைக்குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சைச் சுரக்கும், உடம்பு துவண்டு மூச்சே நின்றுபோகலாம். காய்ச்சிக் கொடுத்தால் சரியாகிவிடும் என்றும் நினைக்காதீர்கள், வீட்டு அடுப்புச் சூட்டில் அந்த வித்து சாகாது. கற்பூரம் போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெயை நெஞ்சில் தேய்ப்பதையும் நிறுத்துங்கள், கற்பூரம் சின்னக் குழந்தைக்கு வலிப்பை வரவழைக்கும், இரண்டு வயதுக்குக் கீழே கற்பூரம் கலந்த தைலம் எதுவும் ஆகாது. மூக்கடைப்புக்குப் பார்மசியில் உப்புநீர்ச் சொட்டு மருந்து கிடைக்கிறது, அதுவும் தாய்ப்பாலும் போதும்.

வசம்பைப் பற்றி மாமியாரிடம் பேசுவது உங்களுக்குச் சங்கடமாக இருக்கும் என்று தெரியும். நாலு பிள்ளையை வளர்த்தவரிடம் இது தப்பு என்று எடுத்த எடுப்பில் சொன்னால் வீட்டில் வேறு பிரச்சினைதான் வரும். விஷயம் இது: வசம்பில் பீட்டா அசரோன் என்ற பொருள் இருக்கிறது, விலங்குகளில் அது புற்றுநோயை உண்டாக்கியது தெரிந்து பல நாடுகளில் உணவில் சேர்ப்பதைத் தடை செய்தார்கள் அல்லது அளவு கட்டினார்கள். கைக்குழந்தைகளுக்கு வசம்பு கொடுத்து வாந்தி நிற்காமல் ஆஸ்பத்திரிக்கு வந்த சம்பவங்களும் உண்டு. உரைக்கும் கல் எவ்வளவு சுத்தம் என்பது வேறு. குழந்தைகள் கிளினிக்குக்கு அடுத்த தடவை ஊசி போடப் போகும்போது மாமியாரையும் கூட்டிக்கொண்டு போய் மிஸ்ஸியிடமே (நர்ஸிடமே) கேட்கச் சொல்லுங்கள். மருமகள் சொல்வதை விட மிஸ்ஸி சொன்னால் எடுபடும்.

கிளினிக்கில் பாப்பாவுக்குக் கொடுத்த புத்தகத்தில் இன்னொன்றும் பாருங்கள். மலேசியாவில் பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி6பிடி (சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி) குறைபாடு இருக்கிறதா என்று சோதிப்பார்கள். இருந்தால் தீபாவளிக்கு மருதாணி வைப்பதுகூட ஆபத்து, சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை வரும். துணி அலமாரியில் போடும் பாச்சை உருண்டையும் அப்படித்தான். இந்தக் குறைபாடு உள்ள வீட்டில் எந்த மூலிகையையும் டாக்டரைக் கேட்காமல் குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம்.

வயிற்றுப் பொருமலுக்குப் பெரியவர்களும் மகனும் ஓமத் தண்ணீர் குடிக்கலாம், ஒரு குவளைத் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி ஓமம் போட்டுக் கொதிக்க வைத்து வடிகட்டினால் சரி. புதினா இலையை வெந்நீரில் போட்டும் குடிக்கலாம், ஆனால் நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு அது எரிச்சலைக் கூட்டும். வயிற்றுப்போக்கு என்றால் இதெல்லாம் பக்க வாத்தியம், உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர்தான் மருந்து. கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு. தலைதட்டிய என்பதை அழுத்திச் சொல்கிறேன், கையால் அள்ளிப் போட்டு உப்பு கூடினால் பிள்ளைக்கு நல்லதை விடக் கெடுதல் அதிகம். மறுநாளுக்கு வைக்காமல் கொட்டிவிடுங்கள். பாப்பாவுக்கு இந்த வீட்டுக் கலவை வேண்டாம், பார்மசியில் பாக்கெட்டாக வாங்கி அதில் போட்டிருக்கும் அளவுப்படி கரையுங்கள்.

காய்ச்சல். கோலாலம்பூரில் உட்கார்ந்துகொண்டு காய்ச்சல் என்றால் முதலில் டெங்கியைத்தான் சந்தேகப்பட வேண்டும். நிலவேம்பு, இங்கே ஹெம்பெடு பூமி என்பார்கள், பெரியவர்கள் சளிக்காய்ச்சலுக்கு இரண்டு மூன்று நாள் குடிப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. கர்ப்பிணிகளுக்கு ஆகாது, பால் கொடுக்கும் நீங்களும் தவிர்த்துவிடுங்கள். ஆனால் கஷாயம் குடிக்கிறோம், பார்த்துக்கொள்வோம் என்று நாள் கடத்துவதில்தான் சிக்கல். பாப்பாவுக்குக் காய்ச்சல் என்றால் அன்றைக்கே காட்டுங்கள், மற்றவர்களுக்கு இரண்டாவது நாளும் விடவில்லை என்றால் போய் இரத்தம் சோதியுங்கள். அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு ரிங்கிட்தான். அதுவரை பாரசிட்டமால் மட்டும், ஆஸ்பிரின், ஐபுபுரோஃபன் இரண்டும் டெங்கியில் இரத்தக்கசிவைக் கூட்டும்.

டெங்கிக்குப் பப்பாளி இலைச் சாறு கொடுப்பது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். அதனால் தட்டணு (இரத்தம் உறைய உதவும் அணு) எண்ணிக்கை கொஞ்சம் ஏறுவதாக மலேசியாவிலேயே செய்த ஆய்வு உண்டு. டெங்கியில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து இரத்த அழுத்தம் விழுவதுதான், அதற்குச் சாறு ஒன்றும் செய்யாது. அந்தக் கசிவு பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் நேரத்தில், மூன்றாவது நாளிலிருந்து ஏழாவது நாளுக்குள் வரும். உடம்பு குளிர்ந்துவிட்டது, பிள்ளை தேறிவிட்டான் என்று வேலைக்குக் கிளம்பும் நாள்தான் கவனமாக இருக்க வேண்டிய நாள். வயிறு கடுமையாக வலித்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, ஈறில் இரத்தம் வந்தாலோ, பிள்ளை சோர்ந்து கிடந்தாலோ நேராக ஆஸ்பத்திரி எமர்ஜென்சி.

நேரம் இல்லாதவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது சுக்குப் பொடி. மஸ்ஜித் இந்தியாவிலோ பிரிக்ஃபீல்ட்ஸிலோ மளிகைக் கடையில் கொத்தமல்லி நாலு பங்கு, சுக்கு இரண்டு பங்கு, மிளகு ஒரு பங்கு வாங்கி, இலேசாக வறுத்து, ஆறிய பிறகு அரைத்து, காய்ந்த பாட்டிலில் போட்டு வைத்தால் இரண்டு மாதம் ஓடும். நம் ஊர் ஈரப்பதத்துக்கு ஈரக் கரண்டி பட்டால் பூஞ்சை பிடிக்கும், வாசனை மாறினால் கொட்டிவிடுங்கள். தொண்டைக் கரகரப்புக்கு ஒரு தேக்கரண்டி பொடியைக் கொதிக்க வைத்து வடிகட்டிக் குடியுங்கள், மாமியாருக்குக் கருப்பட்டி போடாமல். கருப்பட்டியும் சர்க்கரைதான், இனிப்புநீருக்கு அது விதிவிலக்கு கிடையாது. ஆவி பிடிப்பது பெரியவர்களோடு நிற்கட்டும், குழந்தைகள் கொதிநீர்ச் சட்டியைத் தட்டிவிட்டு வெந்துபோவது அடிக்கடி நடக்கிறது.

மாமியார் விஷயத்தில் கடைசியாக ஒன்று. பாகற்காய்ச் சாறு, வெந்தயம், நிலவேம்பு இவையெல்லாம் சர்க்கரையைக் கொஞ்சம் இறக்கக்கூடியவை. மாத்திரையும் அதையேதான் செய்கிறது, இரண்டும் சேர்ந்தால் வியர்த்து, கை நடுங்கி, மயக்கம் வரலாம். சமையலில் பாகற்காய் போட்டால் பயமில்லை, காலையில் வெறும் வயிற்றில் சாறாகக் குடிப்பதுதான் யோசிக்க வேண்டியது. முட்டி வலிக்கு என்று பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) விற்கும் ஜாமு (மலாய் நாட்டு மருந்து), மாத்திரை, பொட்டலப் பொடி எதையும் தொட வேண்டாம். இப்படிப்பட்டவற்றில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைக் கலந்து விற்றது பல முறை பிடிபட்டிருக்கிறது. வலி இரண்டே நாளில் பறந்துவிடும், சர்க்கரை எகிறிவிடும், டாக்டர் மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போவார், காரணம் யாருக்கும் புரியாது. பதிவு செய்த பாரம்பரிய மருந்தில் எம்ஏஎல் (MAL) என்று தொடங்கி டி (T) என்று முடியும் எண்ணும் ஹாலோகிராம் ஒட்டும் இருக்கும். அந்த எண்ணைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பின் இணையத்தளத்தில் போட்டால் அதே பெயர் வருகிறதா என்று பார்க்கலாம். வீட்டில் ஏற்கெனவே அப்படி ஏதாவது இருந்தால், பல வாரம் சாப்பிட்டிருந்தால், திடீரென்று நிறுத்த வேண்டாம், ஸ்டீராய்டாக இருந்தால் அதுவே ஆபத்து. டப்பாவோடு இந்த வாரமே டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.